கேமரா நம் கையில் இல்லை

ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர் கேமில் கதை சொல்ல வருகிறவரிடமிருந்து முதலில் பறிபோவது கேமரா. சினிமா இயக்குநர் குளோசப் வைப்பார், காட்சியை வெட்டுவார், எதை எத்தனை நொடி பார்க்க வேண்டும் என்பதை அவரே தீர்மானிப்பார். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. திரையில் தெரிவது ஆட்டக்காரரின் கண். அதைத் திருப்புவது அவருடைய மவுஸ். கதையில் உயிர் நண்பன் மடியில் சாய்ந்து கடைசி வார்த்தை பேசிக்கொண்டிருப்பான்; ஆட்டக்காரரோ மூலை மேசைக்கு அடியில் தோட்டா கிடக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அது அவருக்கு நாம் கொடுத்த உரிமை.

நான் லெவல் டிசைனர். ஆட்டக்காரர் நடந்துபோகிற இடங்களை அமைப்பது என் வேலை. சுவர் எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்கும், எந்த விளக்கு எரியும், எது அணைந்திருக்கும், எதிரி எங்கிருந்து வருவான் என்பதெல்லாம் என் பொறுப்பு. கதாசிரியர் எழுதித் தருகிற பக்கங்கள் கடைசியில் என் மேசைக்குத்தான் வந்து சேரும். ‘இங்கே அவனுக்குப் பயம் தொற்றிக்கொள்கிறது’ என்று அதில் ஒரு வரி இருக்கும். எழுதுகிறவருக்கு அது ஒரு வரி. எனக்கு அது நடைபாதையின் நீளம், கூரையின் உயரம், காலடி ஓசை, கதவுக்கு அப்பால் இருக்கும் இருட்டின் அளவு.

இத்தனை காலம் இந்த வேலையைப் பார்த்ததில் எனக்கு ஒரு தீர்மானம் உண்டு. ஷூட்டர் கேமில் கதை என்பது ஆட்டக்காரரின் கை செய்த காரியம். காதில் விழுந்த வசனம் அடுத்த லெவல் வருவதற்குள் மறந்துவிடும். தன் கையால் செய்ததை யாரும் மறப்பதில்லை. சூழல் என்று நாங்கள் சொல்வதும் இதே கணக்குதான். பனிமூட்டமும் இடிந்த சுவரும் பார்க்க நன்றாயிருக்கும். அவை ஆட்டக்காரரின் கையை ஏதாவது ஒரு விதத்தில் கட்டிப்போட்டால்தான் சூழலாகும்.

என் தலைமுறைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். நாங்கள் இந்தக் கேம்களைப் பழகியது பிரவுசிங் சென்டரில். ஐ.ஜி.ஐ. இருக்கும், கவுண்டர்-ஸ்ட்ரைக் இருக்கும், விவரமான அண்ணன் யாராவது சிடி கொண்டுவந்து போட்டிருந்தால் ஹாஃப்-லைஃப் இருக்கும். கவுண்டர்-ஸ்ட்ரைக்கே ஹாஃப்-லைஃபின் மேல் ரசிகர்கள் கட்டிய கேம்தான் என்பது அன்றைக்கு எங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. ஹெட்போனில் ஒரு பக்கம் வேலை செய்யாது. இரண்டு பக்கமும் கேட்டாலும் அந்த அமெரிக்க உச்சரிப்பு பிடிபடாது. ஆனாலும் ஹாஃப்-லைஃபின் கதை என்னவென்று கேட்டால் பக்கத்து சீட்டுப் பையன் தடுமாறாமல் சொல்வான்: “லேப்ல என்னமோ டெஸ்ட் பண்ணப்போய் எல்லாம் வெடிச்சிரும்ணா. மிலிட்டரி வந்து காப்பாத்தும்னு பார்த்தா அவனுங்களே எல்லாரையும் சுட்டுத் தள்ளுவானுங்க.” ஒரு வசனம்கூடப் புரியாமல் கதை முழுசாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. எந்த ஷூட்டர் கேமையும் நான் எடைபோடுவது இதை வைத்துத்தான்: வசனத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

கதைக்கு இடமில்லை என்ற இடத்தில்

1993இல் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட டூம்தான் இந்த வகையை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. அது உருவானபோதே, கேமுக்குக் கதை வேண்டுமா என்ற வழக்கு நிறுவனத்துக்குள் நடந்திருக்கிறது. அங்கே பணியாற்றிய டாம் ஹால், பாத்திரங்கள், இடங்கள், சம்பவங்கள் என்று ‘டூம் பைபிள்’ என்ற பெயரில் விரிவான ஆவணம் ஒன்றை எழுதினார். தலைமை புரோகிராமர் ஜான் கார்மாக்குக்குக் கேமில் கதை பெரிய விஷயமாகப் படவில்லை. வழக்கில் கார்மாக் பக்கம் ஜெயித்தது. கேம் வெளிவருவதற்கு முன்பே ஹால் நிறுவனத்தை விட்டுப் போய்விட்டார்.

கதை போன பிறகும் டூமில் சூழல் இருந்தது. சாவியை எடுத்த நொடி அறை இருண்டுபோகும், சுவர் திறக்கும், உள்ளேயிருந்து உறுமல் வரும். ஒரு முறை பட்டவர் அடுத்த சாவியைக் கண்டதும் நின்றுவிடுவார். கதவைப் பார்ப்பார், சுவரைப் பார்ப்பார், துப்பாக்கியை மாற்றிக்கொள்வார், பிறகுதான் காலை எடுத்து வைப்பார். அங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை. இடத்துக்குக் கெட்ட எண்ணம் உண்டு என்பதை அவருடைய கை கற்றுக்கொண்டது. கதை வேண்டாம் என்றவர்கள் கட்டிய கேமிலேயே இவ்வளவு கதை இருக்கிறது.

அடுத்த ஆண்டே லுக்கிங் கிளாஸ் நிறுவனம் வேறொரு வழியைக் கண்டுபிடித்தது. அவர்களுடைய சிஸ்டம் ஷாக் என்ற கேம், சிட்டாடல் என்ற விண்வெளி நிலையத்தில் நடக்கிறது. முந்தைய கேம்களில் பாத்திரங்களோடு பேசும்போது பட்டியலிலிருந்து ஒரு பதிலைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அது இயல்பாக இல்லை என்ற குறை அவர்களுக்கு இருந்தது. அதனால் நிலையத்தில் இருந்த எல்லோரையும் சாகடித்துவிட்டு, அவர்கள் விட்டுப்போன பதிவுகளை மட்டும் ஆங்காங்கே போட்டு வைத்தார்கள். இதற்கு எட்கர் லீ மாஸ்டர்ஸின் ‘ஸ்பூன் ரிவர் ஆந்தாலஜி’ தூண்டுதலாக இருந்தது என்று அதில் பணியாற்றிய ஆஸ்டின் கிராஸ்மன் சொல்லியிருக்கிறார். ஒரு சிற்றூரின் இறந்துபோனவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொல்லும் கவிதைத் தொகுப்பு அது. ஷூட்டர் கேமின் பெரிய உத்தி ஒன்று கவிதைப் புத்தகத்திலிருந்து வந்திருப்பது எனக்குப் பிடித்த செய்தி.

அந்த உத்தி பிறகு தேய்ந்துபோனது. இன்றைக்கு எந்தக் கேமைத் திறந்தாலும், பேய் துரத்தும்போதுகூட நின்று நிதானமாக டைரி பேசி, டேப்பை மேசைமேல் வைத்துவிட்டுச் செத்துப்போகிறவர்கள்தான். டேப்பை மட்டும் கேட்டாலே போதும், அறையைப் பார்க்க வேண்டியதில்லை என்றால் அந்த அறையைக் கட்டியதே வீண். குரல் பாதி சொல்ல வேண்டும், மீதியை அறை சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று முரண்பட்டால் இன்னும் நல்லது. ‘கதவைப் பூட்டிவிட்டேன், பயமில்லை’ என்று குரல் சொல்லும்; பூட்டு வெளிப்பக்கம் இருக்கும்.

தள்ளியது யார்?

ஹாஃப்-லைஃப் 1998 நவம்பரில் வந்தது. வால்வ் நிறுவனத்தின் முதல் கேம். 1997 கடைசியில் அதுவரை செய்திருந்ததில் பெரும்பகுதியை ஒதுக்கிவைத்துவிட்டு, எல்லாத் துறையிலிருந்தும் ஆட்களைச் சேர்த்து ஒரு சிறு குழுவாக உட்காரவைத்து மறுபடி வடிவமைத்தார்கள். எழுத வந்தவர் மார்க் லெய்ட்லா, நாவலாசிரியர். ஒரு நாவலாசிரியர் வந்த பிறகும் நாயகன் கார்டன் ஃப்ரீமன் கேம் முழுக்க வாய் திறப்பதில்லை. பார்வை ஒரு கணம்கூட அவன் கண்ணை விட்டு வெளியே போவதில்லை.

தொடக்கத்தில் ட்ராம் ஒன்றில் வேலைக்குப் போகிறோம். பிளாக் மெசா ஆய்வுக்கூடத்தின் சுரங்கங்கள் வழியாக நீண்ட பயணம். பெட்டிக்குள் நடக்கலாம், எந்த ஜன்னல் வழியாகவும் பார்க்கலாம், இறங்க முடியாது. ஒரு காவலாளி கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறார். ராட்சத இயந்திரங்கள் சுமை தூக்குகின்றன. பக்கத்துத் தண்டவாளத்தில் இன்னொரு ட்ராமில் கோட்டுப் போட்ட ஒருவர் நம்மைப் பார்த்துக்கொண்டே போகிறார். துப்பாக்கிச் சத்தத்தை எதிர்பார்த்து வந்தவருக்கு இது பொறுமைச் சோதனை. ஆனால் இந்தப் பயணத்தில்தான் ஆட்டக்காரர் இந்த இடம் எவ்வளவு பெரியது, எவ்வளவு ஆழம், தான் இங்கே எவ்வளவு சின்ன ஆள் என்பதையெல்லாம் உடம்பால் தெரிந்துகொள்கிறார். யாராவது வாயால் சொல்லியிருந்தால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருப்பார்.

பிறகு சோதனைக்கூடம். விஞ்ஞானிகள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கட்டளையிடுகிறார்கள். சோதனைப் பொருள் தள்ளுவண்டியில் வருகிறது. அதைக் கதிரின் நேர் கீழே தள்ளிவிட வேண்டும். தள்ளுவது நாம்தான். வண்டி நகர்ந்து கதிரைத் தொடுகிறது, உலகம் கிழிகிறது. அதற்குப் பிறகு வரும் அத்தனை சாவுக்கும் அந்தத் தள்ளல்தான் முதல். சினிமாவாக இருந்தால் நாயகன் தள்ளினான் என்று சொல்லிவிட்டுப் போவோம். இங்கே ‘நான் தள்ளினேன்’ என்றுதான் சொல்ல முடியும். முன்னேறுவதற்கான பட்டனும் குற்றத்துக்கான பட்டனும் ஒன்றாக இருப்பதில்தான் அந்தக் காட்சியின் சூட்சுமம் இருக்கிறது. வேண்டாம் என்று நின்றால் கேமே நகராது. கட்டளைக்குக் கீழ்ப்படிகிற ஊழியனுடைய நிலையும் அதுவே.

நான் தொழிலில் அதிகம் பயன்படுத்துகிற பாடம் அடுத்து வருகிறது. விபத்துக்குப் பிறகு, வந்த வழியாகவே திரும்பிப் போக வேண்டும். சற்று முன் விளக்கெரிய, ஆட்கள் பேச, ஒழுங்காக இருந்த அதே நடைபாதைகள் இப்போது பொறி கக்குகின்றன. காலையில் வணக்கம் சொன்னவர் தரையில் கிடக்கிறார். இடிந்த இடத்தை மட்டும் காட்டினால் அது வெறும் செட். முழுதாக இருந்தபோது அங்கே நடக்கவிட்டு, பிறகு இடித்துக் காட்டினால் அது இழப்பு. புதிதாகச் சேருகிற பிள்ளைகளிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்: உடைக்கப்போகிற இடத்தை உடையாமல் ஒரு முறை காட்டு. 2016இல் வந்த டைட்டன்ஃபால் 2இல் ஒரு லெவல் இதையே ஒரு பட்டனுக்குள் அடக்கியது. அழுத்தினால் ஆய்வுக்கூடம் அன்றிருந்தபடி பளபளக்கும். மறுபடி அழுத்தினால் எரிந்து கிடக்கும். உள்ளே நடப்பது இவ்வளவுதான்: இரண்டு கட்டடங்களையும் தனித்தனியாகக் கட்டி, ஒன்றிலிருந்து மற்றொன்றின் அதே புள்ளிக்கு ஆட்டக்காரரைத் தூக்கிப் போடுகிறார்கள்.

பிரவுசிங் சென்டர் பையன் சொன்ன மிலிட்டரி விஷயமும் இப்படித்தான் சொல்லப்பட்டது. மீட்க ஆள் வந்துவிட்டது என்ற நம்பிக்கையோடு மேலே ஏறி வருகிறோம். ஒரு விஞ்ஞானி கையை விரித்துக்கொண்டு சிப்பாயை நோக்கி ஓடுகிறார். சிப்பாய் அவரைச் சுட்டுவிடுகிறான். பிறகு துப்பாக்கி நம் பக்கம் திரும்புகிறது. சில நொடிகள்தான். யார் எதிரி என்ற கேள்விக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை.

ஒரு காலி டப்பா

2004இல் வந்த ஹாஃப்-லைஃப் 2இல் ஒரு சின்னக் காட்சி. சிட்டி 17 என்ற நகரத்தின் ரயில் நிலையத்தில் இறங்குகிறோம். கலை இயக்குநர் விக்டர் அன்டோனோவ் சோஃபியாவில் பிறந்தவர். கிழக்கு ஐரோப்பிய நகரங்களின் பழைய கட்டடங்களுக்கு நடுவே அந்நிய உலோகத்தைச் சொருகி அந்த ஊரை உருவாக்கினார். வெளியே போகிற வழியில் முகமூடி போட்ட காவலன் ஒருவன் நிற்கிறான். நாம் நெருங்கியதும் குப்பைத் தொட்டி மேலிருந்த காலி டப்பாவைத் தட்டி விடுகிறான். அதை எடுத்துத் தொட்டியில் போடச் சொல்கிறான்.

இங்கே ஒரே நேரத்தில் மூன்று வேலைகள் நடக்கின்றன. பொருள்களை எப்படி எடுப்பது, எப்படிப் போடுவது என்ற பாடம் முடிந்துவிடுகிறது. ‘இந்தப் பட்டனை அழுத்தினால் பொருளை எடுக்கலாம்’ என்று தனி வகுப்பு எடுக்கத் தேவையில்லை. இந்த ஊரில் அதிகாரம் எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரிந்துவிடுகிறது. மூன்றாவதுதான் அழகு: ஆட்டக்காரர் யார் என்பதும் வெளிப்பட்டுவிடுகிறது. டப்பாவைத் தொட்டியில் போட்டால் அவன் வழி விடுவான். அவன் மூஞ்சியிலேயே வீசினால் தடியோடு துரத்துவான். என் எதிரில் இதை ஆடியவர்களில் வாய்பேசாத சாதுக்கள்கூட வீசிவிட்டு ஓடியதைப் பார்த்திருக்கிறேன். கையில் துப்பாக்கி வருவதற்கு வெகு முன்பே எதிர்ப்பு தொடங்கிவிட்டது. மொழி தெரியாதவருக்கும் இது புரியும், ஏனென்றால் தட்டிவிட்டுக் கைநீட்டிக் காட்டுகிற திமிர் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் 2014இல் வந்த கால் ஆஃப் டூட்டி: அட்வான்ஸ்டு வார்ஃபேர். சக வீரனின் இறுதிச் சடங்கு. சவப்பெட்டி முன் நிற்கிறோம். மரியாதை செலுத்த எஃப் பட்டனை அழுத்தவும் என்று திரையில் எழுத்து வருகிறது. உலகமே அதைக் கேலி செய்தது. இன்றைக்கும் யாருடைய சோகத்துக்கும் இணையத்தில் ‘எஃப்’ என்று ஓர் எழுத்தைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். இரண்டிலும் பட்டன்தான் அழுத்துகிறோம். டப்பாவில் நமக்கு வேறு வழியும் இருந்தது, செய்ததற்கு உலகம் பதிலும் சொன்னது. சவப்பெட்டியில் இரண்டும் இல்லை. கைக்கு வேலை கொடுத்ததாகப் பாவனை செய்தால் ஆட்டக்காரர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

கண்ணை எப்படி அழைப்பது

கேமரா இல்லாமல் எப்படித்தான் காட்டுகிறீர்கள் என்று கேட்பார்கள். பிடித்து இழுக்கக் கூடாது, அழைக்கலாம். இருட்டில் ஒரு விளக்கு அழைக்கும். அசையாத அறையில் அசைகிற ஒன்று அழைக்கும். குறுகலான நடையிலிருந்து திடீரென வெளி திறந்தால், எதிரே எது இருக்கிறதோ அதை எல்லோரும் பார்ப்பார்கள். ஆகவே வாசலை எந்தத் திசை பார்த்து வைக்கிறோம் என்பதே எங்களுடைய ஃபிரேம். ஆட்டக்காரர்கள் லேசில் தலையை உயர்த்திப் பார்க்க மாட்டார்கள். மேலே இருப்பதைக் காட்ட வேண்டுமென்றால் ஏணியில் ஏற்ற வேண்டும், அல்லது மேலிருந்து மண் உதிர வேண்டும்.

டிஸ்னியின் தீம் பார்க்குகளுக்கு வடிவமைத்த டான் கார்சன் 2000ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரை எங்கள் தொழிலில் பலரும் படித்தது. இடத்தின் வழியாகவே கதை சொல்லலாம், வருகிறவர் தடயங்களைச் சேர்த்துத் தானே கதையைப் பிடித்துக்கொள்வார் என்பது அதன் சாரம். ஷூட்டர் கேமில் இதோடு ஒரு விஷயத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: சண்டை நடக்கும்போது ஆட்டக்காரர் குருடர். எதிரியின் தலையைத் தவிர வேறெதுவும் அவர் கண்ணில் படாது. சண்டை ஓய்ந்ததும் தோட்டா தேட ஆரம்பிப்பார். அப்போதுதான் அவர் கண் திறந்திருக்கும். அதனால் தோட்டாப் பெட்டிதான் என் சுட்டுவிரல். எதைப் பார்க்க வேண்டுமோ அதன் காலடியில் தோட்டாவை வைப்பேன்.

பம்ப் ஹவுஸ் ஒன்றை அமைத்தபோது அப்படித்தான் செய்தேன். சுவரில் ஷிஃப்ட் பட்டியல் தொங்குகிறது. பெயர்கள் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கின்றன. முதல் கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக இருக்கும்; போகப் போக நடுங்கும். கடைசிப் பெயர் மட்டும் அடிபடவில்லை. பேனா கீழே கிடக்கிறது, பேனாவின் பக்கத்தில் தோட்டாப் பெட்டி. பெட்டியை எடுக்கக் குனிந்தவர்கள் நிமிரும்போது பட்டியலைப் பார்ப்பார்கள், பிறகு திரும்பி அறையை ஒரு சுற்றுப் பார்ப்பார்கள். அந்தச் சுற்றுக்காகத்தான் அவ்வளவு வேலையும். பெயர்கள் எந்த மொழியில் இருந்தாலும் கவலையில்லை.

இதையெல்லாம் படம் வரைந்து அழகுபடுத்துவதற்கு முன், சாம்பல் நிறப் பெட்டிகளை மட்டும் அடுக்கிச் சோதிப்போம். கிரேபாக்ஸ் என்போம். வெறும் பெட்டிகளாக இருக்கும்போதே நெஞ்சு இறுக வேண்டும். இல்லையென்றால் அதன்மேல் எத்தனை ரத்தக்கறை ஒட்டினாலும் இறுகாது. வால்வ் நிறுவனத்தின் கென் பேர்ட்வெல் ஹாஃப்-லைஃப் உருவான விதத்தைப் பற்றி எழுதியதில் இரண்டு விதிகள் எனக்கு மனப்பாடம். சம்பவங்களைக் கடிகாரத்தோடு கட்டாதே, ஆட்டக்காரர் நடந்த தூரத்தோடு கட்டு என்பது ஒன்று. அப்படிச் செய்தால் நிதானமாகப் பார்க்கிறவருக்கு நேரம் கிடைக்கும், ஓடுகிறவருக்குச் சலிப்பு வராது. ஆட்டக்காரர் செய்வதை உலகம் கவனிக்க வேண்டும் என்பது மற்றொன்று. சுவரைச் சுட்டால் சுவரில் ஓட்டை விழ வேண்டும். சுட்டும் எதுவும் ஆகாத உலகத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

காதும் மூச்சும்

வசனம் வேண்டாம் என்றேன்; ஒலி வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல்நபர் பார்வையில் முதுகுக்குப் பின்னால் நடப்பதைச் சொல்ல ஒலியைத் தவிர வேறு ஆளில்லை. ஒலி டிசைனரோடு உட்கார்ந்தால் மூன்று அடுக்காகப் பேசுவோம். அறையின் சொந்த ஓசை: மின்விசிறி, டியூப் லைட் முனகல், குழாயில் ஓடும் தண்ணீர். தூரத்தில் நடப்பது: எங்கோ மூடுகிற இரும்புக் கதவு. கிட்டத்தில் நடப்பது: நம் காலடி, நம் துப்பாக்கி. துப்பாக்கிச் சத்தத்துக்கு வால் உண்டு. வெட்டவெளியில் அது நீளமாக உருண்டு போகும், சின்ன அறையில் பட்டென்று முடியும். கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலே எவ்வளவு பெரிய அறை என்று தெரிய வேண்டும். பயத்தைக் கூட்ட இசையைச் சேர்ப்பதைவிட முதல் அடுக்கை நிறுத்துவது பலன் தரும். மின்விசிறி நின்றால் யாரும் சொல்லாமலே துப்பாக்கி உயரும்.

சூழலையே விதியாக்கிய கேம் என்றால் நான் கை காட்டுவது 2010இல் வந்த மெட்ரோ 2033. உக்ரைனின் 4ஏ கேம்ஸ், திமித்ரி குளுகோவ்ஸ்கியின் நாவலை வைத்துச் செய்தது. அணுப்போருக்குப் பின் மாஸ்கோவில் மிஞ்சியவர்கள் மெட்ரோ சுரங்கங்களில் வாழ்கிறார்கள். மேலே போனால் காற்று நஞ்சு. முகமூடி போட வேண்டும். முகமூடியின் ஃபில்டர் தீரும். எவ்வளவு மிச்சம் என்பதைத் திரை மூலையில் எண்ணாகப் போடாமல் நாயகனின் கைக்கடிகாரத்தில் காட்டுகிறார்கள். தெரிய வேண்டுமானால் கையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பார்க்கிற நேரத்தில் எதிரே வருவது தெரியாது. ஃபில்டர் தீரத் தீர மூச்சு இரைக்கும். அடி விழுந்தால் கண்ணாடி விரிசல் விடும். அந்த விரிசல் வழியாகத்தான் அதற்குப் பிறகு உலகத்தைப் பார்க்க வேண்டும்.

இதைவிட எனக்குப் பிடித்தது அங்கே புழங்கும் பணம். போருக்கு முன் ராணுவத்துக்காகச் செய்த நல்ல தோட்டாக்கள்தான் சுரங்கத்தில் காசு. அதைக் கொடுத்து ஃபில்டர் வாங்கலாம், மருந்து வாங்கலாம். துப்பாக்கியில் போட்டுச் சுடவும் செய்யலாம். கையால் செய்த மட்டமான தோட்டாவைவிடப் பலமாக அடிக்கும். இருட்டில் ஏதோ பாய்ந்து வரும்போது காசை எடுத்துச் சுடுவதா, மிச்சம் பிடிப்பதா? அழிந்துபோன உலகத்தில் எதற்கு என்ன விலை என்பதைப் பத்துப் பக்க வசனத்தால் சொல்ல முடியாத அளவுக்கு இந்த ஒரு விதி சொல்லிவிடுகிறது. நானும் இப்போதெல்லாம் ஓவியரிடம் ‘சூழல் வேண்டும்’ என்று கேட்பதற்கு முன், ‘இந்த இடத்தில் ஆட்டக்காரருக்கு எது பற்றாக்குறை?’ என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் பாதிச் சூழல் வந்துவிட்டது.

கொடுத்ததைப் பறிப்பதும் ஒரு வழி. 2007இல் வந்த கால் ஆஃப் டூட்டி 4: மாடர்ன் வார்ஃபேரில் அணுகுண்டு வெடித்த பிறகு, விழுந்த ஹெலிகாப்டரிலிருந்து தவழ்ந்து வெளியே வருகிறோம். நகர முடிகிறது, பார்க்க முடிகிறது. சுடுவதற்குத் துப்பாக்கியும் இல்லை, எதிரியும் இல்லை. சில அடிகள் போய் விழுந்து சாகிறோம், அவ்வளவுதான். அதுவரை எதையும் சுட்டே தீர்த்த கைக்கு அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்த வெறுமைதான் காட்சி.

எங்கே என் கணக்கு இடிக்கிறது

என் அளவுகோலுக்கு அடங்காத கேமும் உண்டு. அதே 2007இல் கென் லெவின் தலைமையில் வந்த பயோஷாக். கடலுக்கடியில் ராப்சர் என்ற நகரம். அரசும் மதமும் இல்லாமல் தனிமனித முயற்சியை மட்டும் நம்பிக் கட்டப்பட்டு அழுகிப்போன நகரம். தொடக்கத்திலேயே சுவரில் ஒரு நிழல் தெரிகிறது. பெண்ணொருத்தி, குழந்தை வண்டியின்மேல் குனிந்து தாலாட்டுகிறாள். கிட்டப் போய்ப் பார்த்தால் வண்டியில் கிடப்பது ரிவால்வர். அதை எடுத்துக்கொண்டு போகிறோம், ஏனென்றால் நமக்குத் துப்பாக்கி தேவை. மொழி தெரியாதவருக்கும் முதுகு சில்லிடும் காட்சி.

ஆனால் அந்தக் கேமின் உச்சம் வசனத்தில் இருக்கிறது. ரேடியோவில் வழிகாட்டும் குரல் ஒவ்வொரு முறையும் மரியாதையாக ஒரே சொற்றொடரைச் சேர்த்துத்தான் வேலை சொல்லும். அந்தச் சொற்றொடரே நாயகனை அடிமையாக வைத்திருக்கும் கட்டளை என்பது பின்னால்தான் தெரிகிறது. ஆங்கிலம் புரியாமல் ஆடியவருக்கு இது கிடைத்திருக்காது. ஆனாலும் அது வெறும் வசனமில்லை. இத்தனை நேரம் குறிப்பு வந்த திசையில் கேள்வி கேட்காமல் நடந்த நம் கைப்பழக்கத்தையே அது திருப்பிக் காட்டுகிறது. வசனத்துக்குச் சக்தி அங்கிருந்துதான் வந்தது.

அந்தக் கேம் வந்த ஆண்டிலேயே டிசைனர் கிளின்ட் ஹாக்கிங் அதன்மேல் ஒரு புகார் வைத்தார். கேமின் விதிகள் சுயநலத்தைத் தேர்ந்தெடுக்க விடுகின்றன, கதையோ அந்தச் சுதந்திரத்தைத் தராமல் இன்னொருவருக்கு உதவியே ஆகவேண்டும் என்கிறது. இரண்டும் எதிரெதிராக இழுக்கின்றன என்பது அவர் வாதம். ஷூட்டர் கேம் செய்கிறவர்கள் எல்லோரும் பதில் சொல்ல வேண்டிய புகார் இது. நாயகன் மென்மையானவன் என்று கதை சொல்லும். ஆட்டக்காரர் அதே லெவலில் கூட்டங்கூட்டமாகக் கொன்று குவித்திருப்பார். கையும் வாயும் வேறு வேறு சொன்னால் ஆட்டக்காரர் கையைத்தான் நம்புவார். அவர் நம்புவதும் சரிதான்.

நம் ஊர்களில் இப்போது சொந்தமாகக் கேம் செய்ய ஆசைப்படும் பிள்ளைகள் நிறையப் பேர் என்னிடம் கதையைத்தான் கொண்டுவருகிறார்கள். பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள்; ராஜ்ஜியம், சாபம், பழிவாங்கல் எல்லாம் இருக்கும். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கதையை மூடி வையுங்கள். கோடோ, அன்ரியல் போன்ற எஞ்சின்களைக் கற்றுக்கொள்ளக் காசு கேட்பதில்லை. அதில் ஒரே ஓர் அறையை, சாம்பல் நிறப் பெட்டிகளால் கட்டுங்கள். அங்கே சற்று முன் ஏதோ நடந்திருக்க வேண்டும். ஆட்டக்காரர் கையால் செய்ய ஒரு காரியம் இருக்க வேண்டும். எழுத்து ஒன்றும் இருக்கக் கூடாது. பிறகு உங்கள் கதையைக் கேட்டிராத ஒருவரை, முடிந்தால் உங்கள் மொழியே தெரியாத ஒருவரை உட்காரவைத்து, பின்னால் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். எழுந்ததும் இங்கே என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று இரண்டே கேள்வி கேளுங்கள். இரண்டுக்கும் அவரிடம் பதில் இருந்தால், இரண்டாவது அறையைக் கட்டுங்கள். இல்லையென்றால் வசனம் எழுதி அதைச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். முதல் அறையையே மறுபடி கட்டுங்கள்.